குப்பையில் குன்றிமணி தேடும் கருவி

மெட்டல் டிடெக்டர் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் நிற்கும் அந்தக் கதவுச் சட்டம்தான். உள்ளே நுழைந்தால் 'பீப்' என்று கத்தும். பாக்கெட்டில் சாவிக்கொத்து, சில்லறை, இடுப்பில் பெல்ட். எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு மறுபடி நுழைந்தால் கத்தாது. அவ்வளவுதான் சமாச்சாரம். அங்கே முதலில் வேண்டாததை எல்லாம் எடுத்துவிட்டு, பிறகுதான் தேடுகிறார்கள். அதனால் கருவிக்கு வேலை சுலபம்.

தரையைப் பார்த்து 'உன் பாக்கெட்டில் இருப்பதை எடுத்துத் தட்டில் போடு' என்று சொல்ல முடியுமா? ஐம்பது, நூறு வருஷமாக ஜனங்கள் உட்கார்ந்து, சாப்பிட்டு, விளையாடிவிட்டுப் போன ஒரு பூங்காவின் மண்ணில் என்னென்ன இருக்கும்? துருப்பிடித்த ஆணி, கம்பித் துண்டு, சோடா மூடி, சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாள், பீர் கேனின் வளையம்... இதற்கெல்லாம் நடுவே எங்கேயோ, யாரோ தொலைத்த ஒரு மோதிரம், ஒரு பழைய வெள்ளிக் காசு.

'குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்காது' என்பது பழமொழி. கண்ணுக்கு அது சரிதான். ஆனால் மெட்டல் டிடெக்டருக்குக் கண் கிடையாது. அதைப் பொறுத்தவரை குன்றிமணியும் குப்பையும் பல நேரம் ஒரே குரலில்தான் பேசும். வில்லங்கமே இங்கேதான் ஆரம்பம்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தக் கருவியோடு அலைவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. நீளமான கைப்பிடி, அடியில் தட்டு மாதிரி ஒரு காயில், மேலே சின்னதாக ஒரு திரை, காதில் ஹெட்போன். விடுமுறை நாளில் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். புதிதாகக் கருவி வாங்கிய ஒருவர் முதலில் எங்கே போவார்? வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்குத்தான். (அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவது குற்றம். நகரப் பூங்காக்களுக்கு ஊருக்கு ஊர் விதி மாறும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.) அது பக்கத்தில் இருக்கிறது, நிறைய பேர் வந்து போகிற இடம், அதனால் நிறையப் பேர் தொலைத்திருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் நிறையப் பேர் தொலைத்த இடம் என்றால் அதைப்போலப் பல மடங்கு பேர் குப்பை போட்ட இடம் என்றும் அர்த்தம்.

கருவியை ஆன் செய்து ஒரு வீச்சு வீசுகிறார். பீப். அடுத்த வீச்சு, மூன்று பீப். பத்தடி நடப்பதற்குள் காதுக்குள் ஒரு கல்யாண பேண்ட் வாத்தியமே நடக்கிறது. எங்கே தோண்டுவது? முதல் சத்தத்துக்குத் தோண்டுகிறார், ஆணி. அடுத்தது சோடா மூடி. அதற்கடுத்து கேன் வளையம். பத்துக் குழிக்குப் பிறகு முழங்கால் வலிக்கிறது, பையில் பத்துக் குப்பை.

இந்தக் கேன் வளையத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் டின்னில் அடைத்த பீரையும் சோடாவையும் குடிக்க வேண்டுமானால் அதைக் குத்தித் திறக்கத் தனியாக ஒரு கருவி தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் என்ற பொறியாளர், இழுத்தால் பிய்ந்து வரும் வளையத்தைக் கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. குடிப்பவர்களுக்கு வசதியாகிவிட்டது. பிய்த்த வளையத்தை என்ன செய்வது? கடற்கரையில், பூங்காவில், மைதானத்தில், நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். கேனோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வளையம் 1975இல் வந்து மெல்ல மெல்லப் பரவும்வரை இந்தக் கூத்து நடந்தது. அலுமினியம் மண்ணில் சீக்கிரம் மக்கிப் போகாது. அன்றைக்குப் போட்டவை இன்றைக்கும் சில அங்குல ஆழத்தில் அப்படியே காத்துக் கிடக்கின்றன. தங்க மோதிரம் தேடுபவர்களுக்கு இவைதான் முதல் எதிரி. ஏன் என்று புரிய, கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்றில் மின்சாரம் வினாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறி மாறி ஓடும். அதனால் கீழே மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலம் பரவுகிறது. அந்தப் புலத்தில் ஏதாவது உலோகம் மாட்டினால், அந்த உலோகத்துக்குள்ளேயே குட்டிக் குட்டிச் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை தமக்கென்று ஒரு சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது சுருள் அதைக் கேட்டுக்கொள்ளும். அதாவது கருவி ஒரு கேள்வி கேட்கிறது, உலோகம் எதிரொலி கொடுக்கிறது.

எதிரொலி எவ்வளவு பெரியது என்பது ஒரு தகவல். எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது இன்னொரு தகவல். பின்னதுதான் முக்கியம். தடிமனான வெள்ளி, செம்பு இவற்றில் மின்னோட்டம் நன்றாகச் சுற்றி நின்று அடங்கும். மெல்லிய அலுமினியத் தாளில் சட்டென்று அடங்கிவிடும். இரும்பு காந்தமாகவும் நடந்துகொள்வதால் அதன் பதில் இன்னொரு மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கருவி திரையில் ஒரு எண்ணைக் காட்டுகிறது. ஹெட்போனில் ஒரு ஸ்வரத்தையும் கொடுக்கிறது. பெரும்பாலான கருவிகளில் இரும்புக்குக் கீழ் ஸ்வரம், சின்ன எண். வெள்ளிக்கு உச்சஸ்தாயி, பெரிய எண்.

இப்போது கவனியுங்கள். 'இது தங்கம்' என்று கருவி எங்கேயும் சொல்லவில்லை. அதற்குத் தங்கம் என்றால் என்னவென்றே தெரியாது. தன் புலத்தில் மாட்டிய ஒரு பொருளில் மின்னோட்டம் எப்படி ஓடியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அது உலோகத்தை மட்டும் பொறுத்ததல்ல. பருமன், வடிவம், கிடக்கும் கோணம், ஆழம் எல்லாமே சேர்ந்த கணக்கு அது. சுத்தத் தங்கம் நல்ல மின்கடத்திதான். ஆனால் மோதிரம் செய்யச் செம்பும் வெள்ளியும் கலந்தவுடன் கடத்தும் திறன் நன்றாகக் குறைந்துவிடும். அதோடு மெல்லிய, சின்ன வளையம் வேறு. கடைசியில் என்ன ஆகிறது? பெண்கள் போடும் சின்னத் தங்க மோதிரம் அலுமினியத் தாளின் எண்ணிலும், கொஞ்சம் கனமான மோதிரம் கேன் வளையத்தின் எண்ணிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் 5 சென்ட் நாணயமும் (75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல்) இதே வட்டாரத்தில்தான் குடியிருக்கிறது.

கருவி பொய் சொல்லவில்லை. இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவுள்ள, ஒரே மாதிரி மின்சாரம் கடத்தும் வளையங்கள். அது உள்ளதைத்தான் சொல்கிறது.

பீப் சத்தத்தில் வெறுத்துப்போன நம் புதியவர் அடுத்து என்ன செய்வார்? கையேட்டைப் புரட்டுவார். அதில் ஒரு அருமையான வசதி இருக்கும். அதன் பெயர் டிஸ்க்ரிமினேஷன், வேண்டாததை ஒதுக்கும் வசதி. 'இந்த எண்ணுக்குக் கீழே எது வந்தாலும் சத்தம் போடாதே' என்று கருவிக்குக் கட்டளை போட்டுவிடலாம். முதலில் இரும்பை ஒதுக்குவார். கொஞ்சம் அமைதி. பிறகு அலுமினியத் தாளை ஒதுக்குவார். இன்னும் அமைதி. கடைசியில் கேன் வளையத்தையும் ஒதுக்குவார். பூங்கா நிசப்தமாகிவிடும். அப்பாடா, கருவியைப் பழகிவிட்டோம் என்று அவருக்கு ஒரு நிம்மதி.

உண்மையில் அந்த நிமிஷம்தான் மோதிரத்தையும் தூக்கி எறிந்துவிட்டார். காலடியில் தங்கம் கிடந்தாலும் இனி கருவி வாயைத் திறக்காது. குப்பைத் தரையில் கருவி போடும் சத்தத்தைவிட, அது போடாமல் விடும் சத்தம்தான் ஆளை ஏமாற்றுகிறது. சத்தம் வந்து ஏமாந்தால் ஒரு குழிதான் நஷ்டம், கையில் ஆணியாவது வரும். சத்தம் வராமல் ஏமாந்தால் ஏமாந்ததே தெரியாது.

இரும்பை மட்டும் ஒதுக்கினால் பரவாயில்லையா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வெள்ளிக் காசு, அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒரு ஆணி. பெரிய காயில் இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் நிற்கும். இரண்டு எதிரொலிகளும் கலந்து வரும். கருவி ஆணியைக் கேட்டு, 'இது இரும்பு, எஜமான் வேண்டாம் என்றார்' என்று மௌனமாகிவிடும். அதிலிருந்து அது சுதாரித்துக்கொள்ள ஒரு கண நேரம் பிடிக்கும். அந்தக் கணத்தில் காயில் காசைத் தாண்டிப் போயிருக்கும். பல வருஷமாகப் பலர் தேடிச் சலித்துவிட்ட பூங்காக்களிலும் புதிதாக ஒருவர் போய் வெள்ளிக் காசு எடுத்து வருவதற்குக் காரணம் இதுதான். காசு எப்போதும் அங்கேயே இருந்தது. ஆணியின் நிழலில் ஒளிந்திருந்தது.

இந்த நிழலில் மாட்டியவர்களின் வரிசை மிகப் பழையது. 1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டுவிட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம். டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகத்தைச் சத்தத்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு கருவியைத் தயாரித்து எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்கு ஓடினார். தத்துவம் இன்றைய டிடெக்டரின் தத்துவம்தான். வெளியே செய்து பார்த்த சோதனைகளில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஜனாதிபதியின் படுக்கையருகே தெளிவான சத்தம் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை முயன்றபோது ஒரு பெரிய பரப்பு முழுவதும் மங்கலாக ஏதோ கேட்டது. பிறகு விசாரித்ததில், மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் ஆன இன்னொரு மெத்தை இருப்பது தெரிந்தது. அதோடு, குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை டாக்டர் பிடிவாதமாக நம்பியதால் வலது பக்கம்தான் தேடப்பட்டது. செப்டம்பர் 19ஆம் தேதி கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடது பக்கம் இருந்தது. குண்டைவிட டாக்டர்களின் கழுவாத விரல்கள் காயத்துக்குள் கொண்டுபோன கிருமிகள்தான் அவரைக் கொன்றன என்று இன்று சொல்கிறார்கள். அது வேறு கதை. கருவியின் கதையில் பாடம் இதுதான். பெல்லின் கருவி கெட்டுப்போகவில்லை. தரை குப்பையாக இருந்தது. தேடச் சொன்ன இடமும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது.

அப்படியானால் எப்படித்தான் பழகுவது? அனுபவசாலிகள் சொல்லும் வழிகள் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் பொறுமை வேண்டும்.

முதலில் பூங்காவுக்குப் போகாமல் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாடசாலை கட்ட வேண்டும். சின்னத் தங்க மோதிரம் ஒன்றை நூலில் கட்டிப் புதைப்பது (நூல் இல்லாமல் புதைத்துவிட்டுத் தேடியவர்களும் உண்டு!), ஒரு காசு, ஒரு கேன் வளையம், ஒரு சோடா மூடி, ஒரு ஆணி. ஒவ்வொன்றும் எந்த ஆழத்தில் என்ன சத்தம் போடுகிறது என்று காது பழக வேண்டும். பிறகு காசுக்குப் பக்கத்தில் ஆணியைப் புதைத்து, எவ்வளவு நெருங்கும்போது காசு காணாமல் போகிறது என்று கேட்க வேண்டும். அப்போதுதான் கருவியின் மௌனத்துக்குப் பின்னால் என்ன இருக்கலாம் என்று தெரியும்.

அடுத்தது, ஒதுக்கும் வசதியை முடிந்தவரை தொடாமல் எல்லாவற்றையும் கேட்பது. ஆரம்பத்தில் தலைவலிதான். தேங்காய்க் கடைக்காரர் காயைச் சுண்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்வதில்லையா? அவருக்கும் அது முதல் நாளே வந்துவிடவில்லை. ஆயிரம் காய் சுண்டி, உடைத்துப் பார்த்த பிறகு வந்தது. இங்கேயும் அதேதான். சத்தத்தைக் கேட்டு, இது இன்னது என்று மனதுக்குள் ஒரு ஊகம் சொல்லிவிட்டு, பிறகு தோண்டிப் பார்க்க வேண்டும். ஊகம் சரியா தப்பா என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். நூறு குழியில் தொண்ணூற்றைந்து குப்பை வந்தாலும், அந்தத் தொண்ணூற்றைந்தும் பாடம்.

சின்னக் காயில் நல்லது. காயில் எவ்வளவு சின்னதோ அவ்வளவு குறைவான பொருள்கள் அதன் கீழே ஒரே நேரத்தில் மாட்டும். ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் நெரிசலில் நுழைந்து கேட்க முடியும். சென்சிடிவிட்டி என்ற குமிழை முழுதாகத் திருகி வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். குப்பைத் தரையில் அது கூட்டத்தில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கத்தச் சொல்வது மாதிரி. கொஞ்சம் குறைத்தால் பக்கத்தில் இருப்பது தெளிவாகக் கேட்கும். அதற்கும் மேலாக, வீச்சு நிதானமாக இருக்க வேண்டும். புல் அறுக்கிற மாதிரி வீசிக்கொண்டு போனால் கருவிக்குச் சுதாரிக்க நேரம் ஏது?

ஒரு சத்தம் கிடைத்தால் அதன் மேல் ஒரு முறை போய்விட்டு முடிவு செய்யக் கூடாது. தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று மறுபடி வீச வேண்டும். காசு வட்டமானது, எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில் சொல்லும். வளைந்த ஆணி ஒரு பக்கமிருந்து வெள்ளி மாதிரி பாடும், மறுபக்கமிருந்து முனகும். துருப்பிடித்த பெரிய இரும்பும் சோடா மூடியும் இப்படி வேஷம் போடுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் இதிலும் ஒரு பக்கமிருந்து மட்டும் நல்ல சத்தம் வந்தால் அது ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசாகவும் இருக்கலாம்! அதனால் சந்தேகம் வந்தால் தோண்டு என்பதுதான் கடைசி விதி.

தோண்டிய குழியைப் புல்லோடு பழையபடி மூடி வைப்பதும், எடுத்த குப்பையை மறுபடி அங்கேயே போடாமல் கொண்டு போவதும் இந்தப் பொழுதுபோக்கின் ஒழுக்கம். ஒழுக்கத்துக்காக மட்டும் இல்லை. ஒரு ஆணியை எடுத்துவிட்டால் அதன் நிழலும் போய்விடும். அதே குழியின் மேல் மறுபடி வீசும்போது, முன்பு கேட்காத ஒரு மெல்லிய சத்தம் கேட்கக்கூடும். குப்பை எடுப்பது தேடுவதற்கு இடைஞ்சல் என்றுதான் புதியவர் நினைக்கிறார். குப்பை எடுப்பதேதான் தேடுவது என்று புரிய சில மாதங்கள் ஆகும்.

வேடிக்கை என்னவென்றால், பத்து வருஷ அனுபவம் உள்ளவரும் புதுக் கருவி வாங்கினால் மறுபடி ஒன்றாம் வகுப்புதான். ஒவ்வொரு தயாரிப்பும் எண்களை ஒவ்வொரு விதமாக அடுக்குகிறது. பழைய கருவியில் வெள்ளிக் காசு காட்டிய எண்ணுக்குப் புதியதில் வேறு அர்த்தம். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் கேட்கும் இன்றைய கருவிகள் பழைய கருவி விழுங்கிவிட்ட சத்தங்களையும் கொண்டு வந்து கொட்டும். பழகிய காதுக்கு அது முதலில் வெறும் இரைச்சல். நிறையப் பேர் ஒரு மாதம் போராடிவிட்டு, 'இது சரியில்லை' என்று புதியதை விற்றுவிட்டுப் பழையதுக்கே திரும்பிவிடுவார்கள். கருவி மாறினால் காதும் மாற வேண்டும்.

இத்தனையும் சொன்னாலும், பொழுதுபோக்குக்காகத் தேடுபவருக்கு ஒரு பெரிய சுதந்திரம் இருக்கிறது. இன்றைக்கு முதுகு வலிக்கிறது, உச்ச ஸ்வரம் மட்டும் தோண்டுவேன் என்று அவர் முடிவு செய்யலாம். நஷ்டம் ஒரு மோதிரம். அந்தச் சுதந்திரம் இல்லாத ஆட்களும் இதே கருவியோடு, இதைவிடக் குப்பையான தரையில் நிற்கிறார்கள். கண்ணிவெடி அகற்றுபவர்கள்.

போர் நடந்த மண் மாதிரி குப்பையான மண் உலகத்தில் இல்லை. ஷெல் சிதறல், தோட்டாக் கூடு, முள்கம்பித் துண்டு, உணவு டின். இவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் உடம்பு கொண்ட மிதிவெடி. சில வகைகளில் உள்ள உலோகம் ஒரு சின்ன ஊசியும் ஸ்பிரிங்கும் அளவுதான். அதாவது அங்கே கிடக்கும் குப்பையைவிட மெல்லிய குரலில் அது பேசும். இங்கே 'சின்ன எண்ணை ஒதுக்கு' என்று கருவிக்குச் சொல்ல முடியுமா? ஒரு சத்தத்தைக்கூட ஒதுக்க முடியாது. ஒவ்வொன்றையும், பக்கவாட்டிலிருந்து மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டிக்கொண்டு போய், என்னவென்று கண்ணால் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்கைத் தருகிறது. கம்போடியாவில் 1992 முதல் 1998 வரை தோண்டி எடுத்த 20 கோடிக்கும் அதிகமான பொருள்களில் கண்ணிவெடியோ வேறு வெடிபொருளோ ஆக இருந்தது வெறும் 0.3 சதவீதம். ஆயிரம் தடவை குனிந்தால் மூன்று. அந்த மூன்று எவை என்று முன்கூட்டித் தெரியாததால் ஆயிரத்தையும் வெடி என்றே நினைத்துத் தோண்ட வேண்டும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு தடவை ஆணி வந்த பிறகும் அடுத்த தடவை கை அவசரப்படக் கூடாது.

இலங்கையின் வடக்கிலும் இதே கதைதான். 2009இல் போர் முடிந்தது. பல வருஷம் இரு தரப்பும் எதிரெதிரே நின்ற முகமாலை போன்ற இடங்களில் மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை அதற்குப் பிறகும் பல வருஷங்கள் நீண்டது. அந்த வேலையில் அந்தந்த ஊர்ப் பெண்களும் நிறையப் பேர். 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி வேலையை முடிக்கக் கெடு 2028 ஜூன். அங்கே தினமும் காலையில் வேலை தொடங்குமுன் கருவியை ஒரு சோதனைத் துண்டின் மேல் வீசி, கேட்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் உள்ளே போவார்கள். பூங்காக்காரர் தோட்டத்தில் கட்டிய அதே பாடசாலைதான், தினப்படி.

தரை மிக மோசமான குப்பையாக இருந்தால்? அங்கே ஒரு வினோதம் நடந்தது. யாழ்ப்பாணத்து மணற்பாங்கான மண்ணில், நார்வே நாட்டு உதவி நிறுவனம் ஒன்றின் பணியில், டிடெக்டரைப் பின்னால் தள்ளிவிட்டு நீளக் கைப்பிடி வைத்த மண்வாரியைக் கையில் எடுத்தார்கள். தோட்டத்தில் சருகு கூட்டுகிற அதே ஜாதிக் கருவிதான். எல்லாமே கத்தும் இடத்தில் கத்துவதைக் கேட்டு என்ன பயன்? மண்ணையே படிப்படியாக வாரி எடுத்து, உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது மேல். கம்போடியா போன்ற இடங்களில் வெடிமருந்தின் வாசனைக்குப் பழக்கிய பெரிய எலிகளையும் இதற்காகவே பயன்படுத்துகிறார்கள். எலிக்கு ஆணியின் வாசனை பற்றிக் கவலை இல்லை. தன் கருவி எந்த இடத்தில் உதவாது என்று தெரிந்து அதைக் கீழே வைப்பதும் அதைப் பழகியதில் சேர்த்திதான்.

இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் ஒரு கருவி வாங்கி ஊர்ப் பக்கத்து மேட்டைத் தோண்டலாம் என்று யாருக்காவது ஆசை வந்தால், ஒரு எச்சரிக்கை. இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட புராதன இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது தனிக் குற்றம்.

இங்கிலாந்தில் சொல்லப்படும் ஒரு நிஜக் கதை இந்த விஷயத்துக்கு மிகவும் பொருந்தும். 1992 நவம்பர் 16ஆம் தேதி சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர் மெட்டல் டிடெக்டரோடு வயலில் நடந்துகொண்டிருந்தார். அவர் புதையல் தேடவில்லை. விவசாயியான நண்பர் வயலில் தொலைத்த ஒரு சுத்தியலைத் தேடினார். கிடைத்தது ரோமானியர் காலத்துத் தங்க, வெள்ளி நாணயங்கள். அவர் முழுவதையும் தோண்டி எடுத்துக்கொண்டு போகாமல், நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியல் துறையினர் வந்து முறையாகத் தோண்டியதில் 14,000க்கும் அதிகமான நாணயங்களும் நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் வெளிவந்தன. பரிசுத் தொகையான 17.5 லட்சம் பவுண்டை அவர் அந்த விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார்.

சுத்தியல் என்பது இரும்பு. கருவி வாங்கியவர்கள் முதல் வேலையாக ஒதுக்கி வைக்கும் இரும்பு. அதைத் தேடிப் போகிறவர் 'இரும்புக்குச் சத்தம் போடாதே' என்று கருவியிடம் சொல்ல முடியாது. கிடைக்கும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் போயாக வேண்டும்.

அந்தச் சுத்தியலும் பிறகு கிடைத்துவிட்டது. தங்கத்தோடு சேர்த்து அதையும் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.